கிண்டியில் சீட் கிடைத்திருக்கிறது. சேரும் முன் ஒருமுறை போய்ப் பார்க்கலாமா?

தறிச்சத்தம் (திங்கள், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் கிடைத்திருக்கிறது. 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பாவுக்கு விசைத்தறியில் வேலை. எங்கள் வீட்டில் சென்னையைப் பார்த்தது அப்பா மட்டும்தான். அதுவும் ஒரே ஒரு தடவை, சேலை மூட்டைகளோடு லாரியில் வந்து சௌகார்பேட்டையில் இறக்கிவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டார்.

சேருவதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் ஒருமுறை போய் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றுகிறது. உள்ளே விடுவார்களா? ஹாஸ்டலைக் காட்டுவார்களா? சேருகிற அன்றைக்குப் போனால் போதாதா என்கிறார் மாமா. பக்கத்து ஊர் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கலாமே என்று சொல்வதும் அவர்தான். எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

நாலாம்_செம் (திங்கள், இரவு 10.05)

வாழ்த்துகள் தங்கச்சி. நான் இங்கேதான் படிக்கிறேன், சிவில். தாராளமாக வா. அலாட்மென்ட் ஆர்டரின் பிரிண்டும் ஆதாரும் கையில் இருக்கட்டும். நான் சேருமுன் வந்தபோது வாசலில் செக்யூரிட்டி அண்ணன் என்ன விஷயம் என்று கேட்டார், ஆர்டரைக் காட்டினேன், உள்ளே விட்டார். லேடீஸ் ஹாஸ்டலுக்குள் அப்பாவை விடமாட்டார்கள், அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடு.

பொதிகை எக்ஸ்பிரஸில் வருவாய் என்று நினைக்கிறேன். எழும்பூர் வரை போகாதே. விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கி எலக்ட்ரிக் ட்ரெயின் பிடி. எட்டாவது ஸ்டேஷன் கிண்டி. அங்கிருந்து அடையாறு போகிற பஸ் ஏதாவது ஒன்றில் ஏறி அண்ணா யுனிவர்சிட்டி ஸ்டாப். இரண்டரை கிலோமீட்டர்தான், ஆட்டோவுக்குக் கொடுக்காதே. சாதாரண கட்டண பஸ்ஸில் உனக்கு டிக்கெட் கிடையாது, அப்பாவுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

வெட்டிச்செலவு_வேண்டாம் (திங்கள், இரவு 10.31)

நான் மாமா கட்சி. ரெண்டு பேர் போக வர ட்ரெயின், சாப்பாடு, அப்பாவுக்கு ரெண்டு நாள் கூலி நஷ்டம். எதற்கு? கட்டடத்தைப் பார்க்க. நாலு வருஷம் அதே கட்டடத்தைத்தான் பார்க்கப் போகிறாய். சீட்டும் உறுதியாகிவிட்டது, பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளவா முடியும்? அந்தக் காசுக்கு நல்ல செருப்பு ஒன்று வாங்கு. கேம்பஸ் பெரிது, நிறைய நடக்கணும்.

பழைய_கிண்டி (திங்கள், இரவு 11.12)

வெட்டிச்செலவு சொல்வதில் கணக்குச் சரி. ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்.

2017 வரைக்கும் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. தமிழ்நாட்டில் எந்த மூலையில் இருந்தாலும் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில்தான் வரணும். நான் வந்தது 2004இல். அரியலூரிலிருந்து இரவு பஸ். காலையில் பார்த்தால் மரத்தடியெல்லாம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தூக்குவாளியில் புளிசாதம், மடியில் சான்றிதழ் ஃபைல், கையில் டி.டி. உள்ளே ஹாலில் பெரிய திரையில் கல்லூரிப் பெயரும் மீதி இடமும் ஓடிக்கொண்டிருக்கும். நாம் நினைத்து வைத்த கல்லூரியில் 3 என்று இருந்தது கண்ணெதிரே 2 ஆகும், 1 ஆகும். எனக்கு முன்னால் இருந்த பையனின் அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு எனக்கு இங்கே கிடைக்கவில்லை, வேறு ஊரில் வேறு கல்லூரி. இந்தக் கேம்பஸுக்குப் படிக்க வந்தது எம்.இ. சேர்ந்தபோதுதான். ஆனாலும் பயம் இல்லை. கேன்டீன் எங்கே, தண்ணீர் எங்கே, எந்த மரத்தடியில் நிழல் நிற்கும் என்பதெல்லாம் முன்பே தெரியும். இடம் கிடைத்தவர் கிடைக்காதவர் எல்லாருக்கும் அப்படி ஒரு முதல் பார்வை இருந்தது. 2018இல் கவுன்சிலிங் ஆன்லைனுக்குப் போனது நல்லதுதான். கடன் வாங்கிக்கொண்டு சென்னைக்கு அலையவேண்டியதில்லை. ஆனால் இப்போது சீட் போனில் வருகிறது, பிள்ளை நேராகப் பெட்டியோடு வந்து நிற்கிறது. இந்தப் பெண் கேட்பது முன்பு எல்லாருக்கும் தானாகக் கிடைத்த ஒன்றைத்தான். போய்ப் பார்க்கட்டும்.

வெட்டிச்செலவு_வேண்டாம் (திங்கள், இரவு 11.20)

அந்தப் புளிசாதத்துக்கும் செலவுதானே அண்ணே.

குரோம்பேட்டை_கேட் (செவ்வாய், காலை 7.02)

கிளம்பும் முன் ஆர்டரில் கல்லூரிப் பெயரை ஒரு தடவை சரியாகப் படித்துக்கொள். கிண்டி வளாகத்துக்குள் மூன்று கல்லூரிகள்: 1794இல் ஆரம்பித்த இன்ஜினியரிங் காலேஜ், 1944இல் வந்த அழகப்பா டெக், அப்புறம் ஆர்க்கிடெக்சர் ஸ்கூல். நாலாவது எங்கள் எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), அது குரோம்பேட்டையில். 1978இல் இந்த நான்கையும் சேர்த்துத்தான் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். அதற்கு மேல் மண்டல வளாகங்கள், உறுப்புக் கல்லூரிகள், இணைப்புக் கல்லூரிகள் என்று ஊரெங்கும் இருக்கின்றன. எல்லாரும் 'அண்ணா யுனிவர்சிட்டியில் சீட்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

சிரிக்காதீர்கள், நான் முதல் நாள் கிண்டிக்குப் போய் நின்றவன். தாம்பரத்தில் ட்ரெயின் ஏறி, குரோம்பேட்டையை ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன்.

நாலாம்_செம் (செவ்வாய், காலை 7.30)

கலாம் படித்த காலேஜ் என்று பீற்றிக்கொள்வீர்களே, ஸ்டேஷன் பெயரைப் படிக்கச் சொல்லித் தரவில்லையா?

குரோம்பேட்டை_கேட் (செவ்வாய், காலை 7.34)

அவரே பிற்காலத்தில் கிண்டிக்குத்தான் வந்தார், அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக. 2002இல் ஜனாதிபதி வேட்பாளர் ஆகிறீர்களா என்று போன் வந்தபோது அங்கேதான் இருந்தார். நான் அவர் வழியில் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தறிச்சத்தம் (செவ்வாய், இரவு 8.55)

எல்லாருக்கும் நன்றி. அப்பா, "கூலி போனாப் போகுது, போயிட்டு வருவோம்" என்றுவிட்டார். புதன் ராத்திரி கிளம்புகிறோம், வியாழன் அங்கே. முன்பதிவு கிடைக்கவில்லை, ஜெனரல் பெட்டிதான்.

இன்னொரு கேள்வி. ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் என்றால் என்ன என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். சாட்டிலைட், மேப் என்று சொன்னால், "அப்ப சர்வேயர் வேலையா, அதுக்கு எதுக்கு மெட்ராஸ்?" என்கிறார்கள். கட்ஆஃப் பார்த்து வரிசையில் போட்ட பாடம்தான், பொய் சொல்லவில்லை. நான் சரியாகத்தான் எடுத்தேனா என்று இப்போது யோசனை. அப்புறம், பாடம் எல்லாம் இங்கிலீஷிலா?

சங்கிலியும்_கோலும் (செவ்வாய், இரவு 10.18)

சர்வேயர் வேலையா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லு. நிமிர்ந்து சொல்லு. ஏனென்றால் நீ சேரப்போகும் கல்லூரியே சர்வேயர் பள்ளிக்கூடமாகப் பிறந்ததுதான்.

1794. கிழக்கிந்தியக் கும்பினிக்காரனுக்கு ஊரை அளக்க ஆள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து பழகின ஆட்கள் போதுமான அளவு வரவில்லை. மைக்கேல் டாப்பிங் என்று ஒரு சர்வேயர், வானியலும் தெரிந்தவர். நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வகம் கட்ட முன்நின்றவரும் அவரே. இங்கேயே பையன்களைப் பழக்கிவிடலாம் என்று அவர் சொல்லி, கோட்டையில் 8 மாணவர்களோடு தொடங்கியது அந்த சர்வே ஸ்கூல். அதுதான் வளர்ந்து சிவில் இன்ஜினியரிங் பள்ளியாகி, கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்கு வந்தது. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் எல்லாம் பிறகு முளைத்த கிளைகள். உன் பாடம்தான் வேர். இதை உன் மாமாவிடம் சொல்லு, அசந்துபோவார்.

இன்னொன்று. கிண்டிக்கு முந்தின ஸ்டேஷன் பறங்கிமலை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்பவர் அந்த மலையடியில்தான் முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் பக்கத்துக் குன்று வரை ஏழரை மைல். இரும்புச் சங்கிலியைப் பெட்டிக்குள் வைத்து, வெயிலில் நீளுமே என்று சூட்டையும் கணக்கில் எடுத்து, 57 நாள். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போனதுதான் இந்தியா முழுக்க அளந்த பெரிய முக்கோண அளவை. எவரெஸ்டின் உயரம் வந்ததெல்லாம் அந்த வரிசையில்தான். மலைமேல் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. வியாழக்கிழமை நேரம் இருந்தால் ஏறிப்பார், உன் படிப்புக்கு அதுதான் குலதெய்வக் கோயில்.

இப்போது சங்கிலி இல்லை. ஜி.பி.எஸ்., கோணமும் தூரமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன், ட்ரோன், சாட்டிலைட் படம், இதையெல்லாம் கம்ப்யூட்டர் வரைபடத்தில் அடுக்குகிற ஜி.ஐ.எஸ். பட்டாவோடு வரும், நிலத்தின் எல்லையைக் காட்டுகிற எஃப்.எம்.பி. வரைபடம் பார்த்திருக்கிறாயா? அதில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருத்தன் வயலில் இறங்கி நடந்திருக்கிறான். எந்தத் தெருவில் எவ்வளவு வெள்ளம் ஏறும் என்று மழைக்கு முன்பே வரைந்து வைப்பதும் இந்தப் படிப்புக்காரர்கள் வேலைதான். நான் இருபத்திரண்டு வருஷமாக இதில் சோறு சாப்பிடுகிறேன், குறையில்லை.

நாலாம்_செம் (செவ்வாய், இரவு 10.40)

மொழி பற்றி: சிவில், மெக்கானிக்கல் இரண்டுக்கும் 2010இலிருந்து தமிழ்வழிப் பிரிவு உண்டு. உன் பிரிவு இங்கிலீஷ்தான். முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும், பொய் சொல்லமாட்டேன். நானும் தமிழ் மீடியம். கணக்குக்கு மொழி பெரிய தடை இல்லை, அதில் தூக்கிக்கொண்டேன். கெமிஸ்ட்ரியில் முதல் இன்டர்னலில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று புரியவே பாதி நேரம் போய்விட்டது. இரண்டாவதில் அப்படி இல்லை.

ரெண்டு_பிள்ளை_அம்மா (புதன், காலை 11.15)

அம்மா என்ற முறையில் ஒன்று சொல்கிறேன் கண்ணு. போன வருஷம் பெரியவனுக்காக ஒரு தனியார் கல்லூரியைப் பார்க்கப் போனோம் (பெயர் வேண்டாம்). வாசலிலேயே வரவேற்பு, ஏ.சி. ஹால், ஜூஸ், பேட்டரி வண்டியில் சுற்றிக்காட்டல். நீச்சல் குளம் வரை காட்டினார்கள். வகுப்பறையைப் பார்க்கலாமா என்றேன், இன்று லீவ் மேடம் என்றார்கள். என் பையன் நடுவில் பாத்ரூம் போனான். திரும்பி வந்தவன், "அம்மா, இவங்க காட்டினது ஒரு காலேஜ், நான் பார்த்தது வேற காலேஜ்" என்றான். தண்ணீர் வரவில்லையாம், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம்.

அதனால் எங்கே போனாலும் வேலை நாளில் போ. யாரும் சுற்றிக்காட்டாமல் நீயாக நட. நோட்டீஸ் போர்டு படி. அதில் ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே இடம் எப்படி ஓடுகிறது என்று தெரியும். பெண் பிள்ளைகள் எத்தனை பேர், எப்படி நடந்து போகிறார்கள், கூட்டமாகவா தனியாகவா, சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாஸ்டல் வழியில் விளக்கு எரிகிறதா, இதையெல்லாம் பார். அப்பாக்கள் கட்டடத்தைப் பார்ப்பார்கள், நாம் வழியைப் பார்க்கணும்.

கணக்கு_வாத்தியார் (புதன், மதியம் 1.20)

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். 7.5இல் போகிற பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. யாராவது கட்டச் சொல்லிக் கேட்டால் உடனே கட்டிவிடாமல், ஒதுக்கீட்டைச் சொல்லி விளக்கம் கேளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எங்கெங்கே படித்தாயோ அங்கெல்லாம் வாங்கிவிட்டாயா அம்மா? புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு உன் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தேவை. இது இல்லாமல் எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தி மூன்று மாதம் அலைந்தாள். டி.சி.யின் நகல் ஐந்தாறு எடுத்து வைத்துக்கொள், அசல் கல்லூரிக்குப் போய்விடும்.

நேரில் பார்க்கப் போகும்போதே இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. ஆபீஸில் நின்றால் நமக்கு மறந்துவிடும்.

அல்லிக்குளம் (புதன், மாலை 4.48)

ஹாஸ்டல் பயத்துக்கு ஒரு கதை சொல்கிறேன். இதே கல்லூரியில் 1943இல் எலக்ட்ரிக்கல் முடித்தவர் ஏ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கணவர் தவறிவிட்டார், கையில் சில மாதக் குழந்தை. அப்பா சுப்பா ராவ் இங்கேயே பேராசிரியர். முதல்வரிடம் பேசி மகளைச் சேர்த்தார். குழந்தை சொந்தக்காரர் வீட்டில், லலிதா ஹாஸ்டலில். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண், தனிமை தாங்கவில்லை. இன்னும் பெண்கள் சேரட்டும் என்று முயற்சி எடுத்ததில் சிவிலுக்கு இரண்டு பேர் வந்தார்கள், திரேசியாவும் லீலம்மாவும். திரேசியா பின்னால் கேரளப் பொதுப்பணித் துறைக்கே தலைமைப் பொறியாளர் ஆனார்.

எனக்குப் பிடித்தது பட்டச் சான்றிதழ் சமாச்சாரம். அச்சடித்த தாளில் 'அவன்' என்றுதான் இருந்தது, அதை அடித்துவிட்டுக் கையால் 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மெக்_2009 (புதன், மாலை 5.10)

கிரிக்கெட் வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த், அமுல் குரியன் எல்லாரும் கிண்டிதான், யாரும் சொல்லவில்லையே என்று நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ராகிங் பற்றிக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பாய். 1996இல் நாவரசு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் கொலையான பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. சேரும்போது உன்னிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழி வாங்குவார்கள், அது சும்மா தாள் இல்லை. 1800-180-5522 என்ற எண்ணைப் போனில் போட்டு வை, நாள் முழுக்க எடுப்பார்கள். சீனியர் பெயர் கேட்பதும் ஊர் கேட்பதும் ராகிங் இல்லை, பயந்துவிடாதே. ஊர் பெயரைச் சொன்னால் பாதிப் பேர், "ஏய், நானும் தென்காசிதாம்ல" என்று வருவார்கள்.

வெட்டிச்செலவு_வேண்டாம் (புதன், மாலை 6.00)

சரி, போவது என்று ஆகிவிட்டது. மதியம் எங்கே இருப்பது என்று திண்டாட வேண்டாம். கோட்டூர்புரம் பக்கம் ஒட்டினாற்போல அண்ணா நூற்றாண்டு நூலகம், ஒன்பது மாடி, காசு கிடையாது, குளுகுளு. நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் தனி இடம் உண்டு. நான் வேலை இல்லாமல் இருந்த ஒரு வருஷமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷமும் உனக்கு உதவும்.

நாலாம்_செம் (புதன், மாலை 6.08)

பார்ரா, வெட்டிச்செலவு அண்ணனே வழி சொல்கிறார்.

தறிச்சத்தம் (வெள்ளி, இரவு 9.15)

போய்விட்டு வந்தாச்சு. நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரல் பெட்டியில் மதுரை வரை உட்கார இடம் இருந்தது, அப்புறம் அப்பா எழுந்து யாரோ கைக்குழந்தைக்காரருக்கு இடம் கொடுத்துவிட்டுத் தாம்பரம் வரை நின்றே வந்தார். தாம்பரத்தில் இறங்கியபோது இன்னும் இருட்டு. பிளாட்பாரத்திலேயே முகம் கழுவி, டீ குடித்து, ஏழு மணிக்குத்தான் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினோம். குரோம்பேட்டை வந்ததும் உங்களை நினைத்துச் சிரித்தேன் அண்ணா. எதற்குச் சிரிக்கிறாய் என்று அப்பா கேட்டார், சொன்னேன், அவரும் சிரித்தார்.

வாசலில் ஒன்றும் பிரச்சினை இல்லை. உள்ளே போனதும் அந்தச் சிவப்புக் கட்டடம். படத்தில் பார்த்ததுதான், ஆனால் படத்தில் அதன் முன்னால் நான் இல்லையே. அப்பா மணிக்கூண்டையும் தன் வாட்சையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைக் கழற்றவா என்று கேட்டார். வேண்டாம்ப்பா என்றேன்.

ஆபீஸில் வாத்தியார் ஐயா சொன்ன தாளை எடுத்துக் கேட்டேன். ஏழு கேள்வியில் ஐந்துக்குப் பதில் சொன்னார்கள், இரண்டுக்குச் சேரும் நாளில் வா என்றார்கள். ஹாஸ்டலை வெளியிலிருந்து பார்த்தேன். ரெண்டு பிள்ளை அம்மா இங்கே சொன்ன மாதிரி வழியைப் பார்த்தேன். பெண்கள் தனித்தனியாகவும் போகிறார்கள், சைக்கிளிலும் போகிறார்கள். ஒரு அக்கா காதில் இயர்போன் மாட்டி ஏதோ பாடிக்கொண்டே போனார். அதைப் பார்த்ததில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது, ஏன் என்று தெரியவில்லை.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். ஒரு மரத்தடியில் ஏழெட்டுப் பேர் மூன்று கால் ஸ்டாண்டை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் தூரத்தில் கோல் பிடித்திருந்தார். இதுதான் நான் படிக்கப் போவது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நின்றுவிட்டார், நகரமாட்டேன் என்கிறார். ஒரு அக்கா பார்த்துவிட்டு, பெரியப்பா பார்க்கிறீர்களா என்று கூப்பிட்டார். அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, கருவியைத் தொடாமல், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி: "உள்ள குறுக்கயும் நெடுக்கயும் ஒரு இழை ஓடுதே, அது என்ன நூலு?"

அந்த அக்கா சிரித்துவிட்டு, கண்ணாடியில் போட்ட கோடு என்றார். கூட நின்ற லேப் அண்ணன்தான், "அவர் கேட்டது சரிம்மா, முன்னாடியெல்லாம் நூல்தான். சிலந்தி வலையிலிருந்து இழை எடுத்து ஒட்டுவாங்க, அவ்வளவு மெல்லிசா வேற எதுவும் கிடைக்காது" என்றார். அப்பாவுக்கு அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை. சிலந்தி இழையை அறுந்துபோகாமல் எப்படி இழுத்திருப்பான், இழுப்பு கூடினால் போச்சு, தளர்ந்தால் கோணும், எதில் சுற்றி வைத்திருப்பான் என்று நூலகத்துக்குப் போகிற வழியெல்லாம் அதேதான். நூலகத்தில் ஒன்பது மாடியையும் பார்க்காமல் தரைத் தளத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டார் பாவம், ராத்திரி முழுக்க நின்றவர்.

பறங்கிமலை ஏற நேரம் இல்லை. திரும்பும்போது ட்ரெயினிலிருந்து மலையைக் காட்டினேன். அடுத்த தடவை என்றார்.

ஊருக்கு வந்ததும் மாமா கேட்டார், "என்ன, பாத்தாச்சா, பெரிய கட்டடமா?" என்று. அப்பா கட்டடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிலந்தி நூலைப் பற்றி ஆரம்பித்தார். மாமா பாதியில் எழுந்து போய்விட்டார்.

சங்கிலியும்_கோலும் (வெள்ளி, இரவு 9.50)

உங்கள் அப்பாவிடம் சொல்லு: நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு பெரியவர் இருந்தார், இழை அறுந்துபோன பழைய தியோடலைட்டுக்கு (கோணம் அளக்கும் கருவி) அவரே தோட்டத்தில் சிலந்தி தேடிப் போவார். சின்ன கவைக்குச்சியில் சிலந்தியைத் தொங்கவிட்டு, அது கீழே இறங்க இறங்கக் குச்சியைத் திருப்பி இழையைச் சுற்றுவார். இழுப்பு சிலந்தியின் எடைதான், அதனால் அறுகாது.

தறிச்சத்தம் (வெள்ளி, இரவு 10.02)

படித்துக் காட்டினேன். "அதானே பாத்தேன்" என்கிறார். தறிக்குப் பாவு நூல் சுற்றுவதும் அப்படித்தானாம்.

கடைசியாக ஒன்று. பக்கெட், மக், தலையணை எல்லாம் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வரணுமா, அங்கே வாங்கிக்கொள்ளலாமா?

வெட்டிச்செலவு_வேண்டாம் (வெள்ளி, இரவு 10.04)

தலையணை மட்டும் ஊரிலிருந்து கொண்டு வா. பக்கெட்டும் மக்கும் சைதாப்பேட்டை பஜார் ரோட்டில், பேரம் பேசி.